தேய்மானம் போக

வேலையை விடுகிறேன் என்று ரெமிஹியோ சொன்னபோது
போட்டிக் கம்பெனியைத்தான் நினைத்தேன்.
"எவ்வளவு கூடத் தருகிறார்கள்?"
வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது,
இரண்டாவது கியரில், சாம்பல் படிந்த கண்ணாடியோடு.
"ஒன்றுமில்லை. தங்க இடம். சாப்பாடு. ஏழு வருஷப் படிப்பு."
பிறகு, ஆளே இல்லாத திருப்பத்தில்
ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே,
"குருமடம்" என்றான்.

நாங்கள் இழப்பு மதிப்பீட்டாளர்கள்.
வால்பரைசோவின் குன்றுகளில் கோடையில் தீ இறங்கும்.
தீக்குப் பின் தண்ணீர் வண்டி,
அதற்குப் பின் தொலைக்காட்சி,
எல்லாருக்கும் பின் நாங்கள்.
எரிந்த வீட்டில் நின்று
எரியாத வீட்டை எழுதுவோம்:
குளிர்பெட்டி ஒன்று, வயது ஆறு, தேய்மானம் அறுபது சதம்.
தகரம் சுருண்ட வாகு பார்த்து
எந்த அறையில் தொடங்கியது என்பான் ரெமிஹியோ.
நாலு டி.வி. இருந்தது என்பவனிடம்
சிரித்தபடி மின்ரசீது கேட்பான்.
பதினாறு வருஷம். கை சுத்தம்.
ஒரு வீட்டிலும் அழுது பார்த்ததில்லை.

ஓர்தென்சியா அம்மாள் பட்டியல் சொன்னாள்.
கட்டில், தையல் மிஷின், இரண்டு மூட்டை சிமெண்ட்,
நாய்.
"பெயர் மினிஸ்த்ரோ. போடுங்கள்.
மந்திரி மாதிரி, நாளெல்லாம் தூங்குவான்."
போட்டான்.
விலைக் கட்டம் காலியாக இருந்தால்
கணினி அடுத்த வரிக்கு விடாது.
பூஜ்யம் அடித்தான்.
பூஜ்யத்தில் தேய்மானம் கழித்து
பூஜ்யம் என்றது.
இரண்டு தசம இடத்துக்கு.

அதனால்தான் போனானா?
அப்படித்தான் அலுவலகத்தில் கதை கட்டினேன்.
கேட்டுச் சிரித்தான்.
"மூன்று வருஷமாகக் காலை ஆறரைப் பூசைக்குப் போகிறேன்.
நீதான் ஜிம் என்று நினைத்துக்கொண்டாய்.
தொப்பையைப் பார்த்துமா சந்தேகம் வரவில்லை?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் தம்பி பதினோரு வயதில் பீடச் சிறுவன்.
ஒரு ஞாயிறு போகமாட்டேன் என்றான்.
அதற்குமேல் அவன் சொன்னதில்லை,
நாங்கள் கேட்டதில்லை.
"அவர்களோடா போய்ச் சேரப்போகிறாய்?" என்றேன்.
"அந்த வீட்டுக்கு யார் மதிப்பீடு எழுதுவது?"
ஸ்டீரிங்கைப் பார்த்தபடி இருந்தான்.
யூகலிப்டஸ் கரிக்கட்டைகள் இருபுறமும் போயின.
பதில் என்று ஏதாவது வைத்திருந்தால்
அந்த இடத்திலேயே இறங்கி நடந்திருப்பேன்.
அவனிடம் இல்லை.
இறங்கும்போது தம்பியின் பெயரை மட்டும் கேட்டான்.
சொன்னேன். பெனிக்னோ.

எட்டு வருஷம் கழித்து குருப்பட்டம்.
கல் தரையில் முகம் குப்புறக் கிடந்தான் ரெமிஹியோ.
பாடகர்கள் ஒவ்வொரு புனிதரையும் பெயர் சொல்லிக் கூப்பிட,
கூட்டம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றது.
நான் வாயைத் திறக்கவில்லை.
என் பார்வை போன இடம் அவன் ஷூவின் அடிப்பக்கம்.
இடது குதிகால் வெளிப்புறமாகத் தேய்ந்திருந்தது,
கிளட்ச் மிதித்த கால்.
வயது நாலு, தேய்மானம் எழுபது,
என்று மனம் போட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது.
விதானத்தில் ஈரக்கசிவு வேறு.
பாலிசி இருக்குமா தெரியவில்லை.

தம்பி உள்ளே வரவில்லை.
வாசலில் என் வண்டியில் உட்கார்ந்திருந்தான்.
அவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

முடிந்ததும் ஆயர் படம் எடுக்கக் காத்திருக்க
புது உடுப்போடு நேரே வண்டிக்கு வந்தான் ரெமிஹியோ.
ஆசீர்வதிக்கவில்லை.
கண்ணாடியைத் தட்டவில்லை.
பின்சக்கரத்தருகே முதுகு சாய்த்து,
வெயிலில், வெள்ளை அங்கியில் சேறு ஒட்ட,
சும்மா நின்றான்.
யாரோ கூப்பிட்டார்கள். கையால் பொறு என்றான்.
மாதாகோயில் மணி ஓய்ந்தது.
பலூன்காரன் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு கண்ணாடி இறங்கியது.
நான்கு விரல் இருக்கும்.
தூரத்திலிருந்து பார்த்தது,
குத்துமதிப்புத்தான்.